கேளுங்கள், பேசுவோம்: "எனக்கு அப்புறம் இவன் எங்கே இருப்பான்?"

கேள்வி: எனக்கு 63 வயது. கம்பம் பக்கத்து ஊர். முப்பது வருஷம் ஜீப்பில் மெட்டு ஏறி ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் போய் வந்தவள், இப்போது முட்டி போய்விட்டது. மகனுக்கு 36 வயது, மனவளர்ச்சி குன்றியவன். தானே குளிப்பான், சாப்பிடுவான், தனியாக வெளியே விட முடியாது. அவன் அப்பா இல்லை. கேரளத்தில் கட்டப்பனை பக்கம் ஒரு இல்லத்தில் இடம் இருக்கிறதாம், மகள் இப்போதே சேர்த்துவிடச் சொல்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. நான் இருக்கும்வரை நானே பார்த்துக்கொண்டு, அப்புறம் அவன் போகட்டும் என்று இருக்கலாமா?

பதில்: அம்மா, அப்படி மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் போன பிறகு அவர் அந்த இல்லத்துக்குப் போனால் ஒரே வாரத்தில் அம்மா, வீடு, தெரு, தினமும் பேர் சொல்லிக் கூப்பிடும் டீக்கடைக்காரர் எல்லாம் சேர்ந்து போய்விடும், ஏன் போயிற்று என்று சொல்லவும் ஆள் இருக்காது. என் தம்பிக்கு அதுதான் நடந்தது. நாங்கள் அம்மா இருக்கும்போதே பழக்கவில்லை, காரியம் முடிந்த பத்தாம் நாள் கொண்டுபோய் விட்டோம். மூன்று மாதம் வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தான்.

அதனால் இப்போதே தொடங்குங்கள், மெதுவாக. முதலில் நீங்களும் அவரும் ஒரு பகல் போய் அங்கே சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் ஒரு ராத்திரி, அடுத்த மாதம் இரண்டு ராத்திரி, ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பி வரட்டும். மனவளர்ச்சி குன்றியவர்கள் போன்றோருக்காக மத்திய அரசு வைத்திருக்கும் தேசிய அறக்கட்டளையின் திட்டங்களில் குறுகிய காலத் தங்கலுக்கு 'சமர்த்', ஆயுள் முழுக்கத் தங்க 'கரௌந்தா' என்று முன்பு தனித்தனியாக இருந்தன, இப்போது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த இல்லம் அதில் பதிவானதா என்று கேளுங்கள். அதில் இல்லாவிட்டாலும் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இப்படி ஓர் இல்லம் நடத்தக் கூடாது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

இல்லத்தை எப்படிப் பார்ப்பது? காலை பத்து மணிக்குப் போனால் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு, சொல்லாமல் போங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஐந்தரைக்கே போட்டு முடித்துவிட்டார்களா, ராத்திரிக்கு எத்தனை பேர் காவல், 36 வயது ஆளை 'குழந்தை' என்று கூப்பிடுகிறார்களா, அவரவர் துணி அவரவர் அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். துணி சின்ன விஷயம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது தம்பி யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு நின்றான், தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை இன்னொருவர் உடம்பில் இருந்தது. எல்லாத் துணியையும் ஒரே குவியலாகத் துவைத்து, கைக்கு வந்ததை மாட்டிவிடுவார்களாம். தன்னுடையது என்று ஒரு சட்டைகூட இல்லாத இடத்தை அவன் எப்படி வீடு என்று நினைப்பான்?

அடுத்தது மொழி. எல்லைப் பக்கத்தில் இருக்கும் நாம் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், ஆனால் யாரும் கேட்பதே இல்லை. உங்கள் மகன் பேசும் சொற்கள் கொஞ்சமாகத்தான் இருக்கும், அதுவும் நம் தமிழில். மலையாளத்தில் 'வலிக்குக' என்றால் இழுப்பது, வலிக்கு அங்கே 'வேதன' என்பார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "வலிக்குது" என்று சொல்ல, புதிதாக வந்த பணியாளருக்குப் புரியாமல் போனால் என்ன ஆகும்? அவர்கள் "வெள்ளம் வேணோ" என்று கேட்பது குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று, அது இவருக்குப் புரியாது. ஒரு நோட்டு போடுங்கள். அவர் என்ன சொன்னால் என்ன அர்த்தம், எதற்குப் பயப்படுவார், தூங்கும்முன் என்ன வேண்டும், கோபம் வந்தால் எப்படிப் பேசினால் அடங்கும், எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லச் சொல்ல மகள் எழுதட்டும், பக்கத்திலேயே மலையாளத்திலும் எழுதி வாங்குங்கள். தமிழ் தெரிந்த ஒருவராவது எல்லா ஷிப்டிலும் இருப்பாரா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் தேனி மாவட்டத்துக்குள்ளேயே தேடுவது நல்லது.

காகித வேலையும் இருக்கிறது. 18 வயது முடிந்தவருக்குப் பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999 ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு மகள் அந்தப் பொறுப்பை எடுப்பாளா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும், இல்லாவிட்டால் சேருங்கள். மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தமிழ்நாடு அரசு தருவது, அதனால் கேரள முகவரிக்கு எதையும் மாற்றுவதற்கு முன் தேனி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இல்லத்தில்தான் இருந்தாக வேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அதே 2016 சட்டம் ஊருக்குள் வாழும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. ஒரு ராத்திரி தங்கி வந்ததும் "அங்கே பிடிச்சுதா" என்று அவரிடமே கேளுங்கள். வாயால் சொல்லாவிட்டாலும் மறுபடி பையை எடுக்கும்போது முகத்தில் தெரியும்.

கேள்வி: நான் செங்கோட்டைக்காரி. கேரளத்தில் புனலூர் பக்கம் ஒரு இல்லத்தில் ராத்திரி வேலை. 22 ஆண்கள், நான் ஒருத்தி. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர், வயது 46, இரண்டு மாதமாக அடிக்கிறார், கத்துகிறார். மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: டாக்டர் பார்க்காமல் கூட்டாதீர்கள். பேசத் தெரியாதவர் திடீரென்று அடிக்க ஆரம்பித்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். பல், காது, சிறுநீர், நாலு நாளாக மலம் போகாமல் இருப்பது என்று காரணம் அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். அடக்கி வைக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் சில மலச்சிக்கலை இன்னும் மோசமாக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது அதிகம், வருஷம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை வேண்டும். நாற்பதுகளிலேயே மறதி நோய் தொடங்குவதும் உண்டு. பாத்ரூம் எங்கே என்று மறந்துபோய்ப் பயத்தில் கத்துகிறாரா என்று கவனியுங்கள். தினமும் தூக்கம், சாப்பாடு, மலம், கோபம் வந்த நேரம், நாலையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு போனால் டாக்டர் வேறு மாதிரி கேட்பார்.

22 பேருக்கு ராத்திரியில் ஒருவர் என்பது சரியே இல்லை. ஒருவருக்கு வலிப்பு வந்தால் மற்ற 21 பேரை யார் பார்ப்பது? கதவை வெளியே பூட்டுகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். பூட்டுகிறார்கள் என்றால் நாளைக்கே அதை நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொரு ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் கொல்லம் மாவட்டச் சமூக நீதி அலுவலகத்துக்கும், கேரள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, மலையாளத்தில் எழுதித்தர ஆள் கிடைக்காவிட்டால் எங்களுக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறோம்.