இதய நோயாளிகளுக்கு வேண்டிய இத்தாலியச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: பலெர்மோவில் இருக்கிறோம், அம்மாவுக்கு இதய நோய். அவசரத்தில் போனில் என்ன சொல்வது?

பதில்: 118 அடியுங்கள், 112 அடித்தாலும் ஆம்புலன்ஸ் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். முதலில் முகவரி, அப்புறம் "தொலோரே அல் பெத்தோ", அதாவது நெஞ்சு வலி. பாரமாக அழுத்தினால் "உன் பேசோ சுல் பெத்தோ". இடது கைக்குப் பரவினால் "பிராச்சோ சினிஸ்த்ரோ", மூச்சு வாங்கினால் "அஃபான்னோ". ஏற்கெனவே இதய நோயாளி என்பதற்கு "ஏ கார்தியோபாத்திகா", ஆண் என்றால் கார்தியோபாத்திகோ. நம்மவர்கள் நெஞ்சில் என்ன வந்தாலும் "காஸ்" என்று நினைத்து "புருச்சோரே தி ஸ்தோமகோ" என்கிறார்கள். அது வயிற்றெரிச்சல்! நெஞ்சு அழுத்தினால் அதைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

கேள்வி: டிஸ்சார்ஜ் கடிதத்தில் "ஸ்கொம்பென்சோ கார்தியாகோ" என்று இருக்கிறது. ஹார்ட் அட்டாக்கா?

பதில்: இல்லை. இதயம் உடம்புக்குப் போதுமான அளவு ரத்தத்தை அனுப்ப முடியாத நிலை. ஹார்ட் அட்டாக் என்றால் "இன்ஃபார்த்தோ". ஸ்கொம்பென்சோ உள்ளவர் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். திடீரென்று எடை ஏறினாலோ கால் வீங்கினாலோ, "கோன்ஃபியோரே அல்லே காம்பே" என்று டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள்.

கேள்வி: இக்துஸும் இன்ஃபார்த்தோவும் ஒன்றா?

பதில்: இல்லை. இக்துஸ் மூளையில் வரும் பக்கவாதம். அதற்கும் 118தான்.

கேள்வி: அப்பாவுக்கு ஃபிப்ரில்லாட்சியோனே அத்ரியாலே, அதாவது இதயத் துடிப்பு சீராக இல்லாத நோய். மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில்: கார்தியோலொகோவை, அதாவது இதய டாக்டரைக் கேளுங்கள். "அந்திகோஆகுலாந்தே", அதாவது ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை என்றால், நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். பல் டாக்டரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹார்ட் அட்டாக்குக்கு என்ன சொல் அக்கா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கேட்பதற்கு முன் முந்தைய பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் நன்றாக இத்தாலியன் பேசுவான். அவனையே கூட்டிப்போகிறேன், என்ன தவறு?

பதில்: தவறுதான். அம்மாவின் உயிருக்கு ஆபத்து என்ற செய்தியை ஒரு பிள்ளை வாயால் சொல்லவைக்காதீர்கள், பயத்தில் பாதியை மறைத்துவிடும். "மெதியாத்தோரே கூல்துராலே" வேண்டும் என்று கேளுங்கள், மொழிக்கு உதவ ஆள் ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள்.

கேள்வி: சும்மா சொல்லாதீர்கள். நடுச்சாமம் இரண்டு மணிக்கு ப்ரோந்தோ சொக்கோர்சோவில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) யார் வருவார்?

பதில்: நியாயம், அந்த நேரத்தில் பெரும்பாலும் ஆள் கிடைக்காது. அதனால்தான் இன்றைக்கே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: நோயின் இத்தாலியப் பெயர், மாத்திரைகள், அளவு, "அல்லெர்ஜியே" (ஒவ்வாமை) எதுவும் இருந்தால் அது. தெஸ்ஸெரா சனித்தாரியாவோடு (மருத்துவ அட்டையோடு) சேர்த்துப் பர்ஸில் வையுங்கள். பிள்ளையைவிட அந்தத் தாள் தெளிவாகப் பேசும்.

கேள்வி: காரில் நாங்களே கொண்டுபோனால் சீக்கிரம் போகலாமே?

பதில்: வேண்டாம். வழியில் இதயம் நின்றால் காரில் டிஃபிப்ரில்லேட்டர் (மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீண்டும் துடிக்கவைக்கும் கருவி) இருக்காது. 118.