மஞ்சள் காய்ச்சல் ஊசி: கேளுங்கள், சொல்கிறேன்

ஆப்பிரிக்கா போன்ற இடங்களில் கொசு மூலம் பரவும் வைரஸ் நோய் மஞ்சள் காய்ச்சல். வெளிநாடு போகிறவர்களுக்கு அதற்கான தடுப்பூசி போடும் மையம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். ஏற்கெனவே ஏதாவது நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் என் பதிலோடு நின்றுவிடாமல் உங்கள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து: சார், போர்வெல் ரிக் வேலைக்கு கானா போகிறேன். அடுத்த வாரம் ஃபிளைட். நாளைக்கு ஊசி போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது தம்பி. ஊசி போட்டதற்குச் சான்றாக ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள், போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர அவ்வளவு நாள் ஆகும். கானா வருகிற எல்லோரிடமும் அட்டையைக் கேட்கிற நாடு. டிக்கெட்டைத் தள்ளிப் போடுவதுதான் வழி.

இன்னொன்று, நினைத்த நாளில் போய்ப் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை இது. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து தூளாக இருக்கும். கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான் போகும். அதனால்தான் மையங்களில் குறிப்பிட்ட நாட்களில் ஆட்களைச் சேர்த்துப் போடுகிறார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம் இரண்டிலும் போடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். "முன்தேதி போட்டு அட்டை வாங்கித் தருகிறேன்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாட்டினால் தலைவலி, மாட்டாவிட்டால் அதைவிட ஆபத்து. காட்டில் கடிக்கிற கொசு அட்டையைப் பார்த்துவிட்டா கடிக்கும்?

மதுரையிலிருந்து: குடும்பத்தோடு கென்யா சஃபாரி போகிறோம். இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களுக்குக் கென்யாவில் இந்த ஊசி கட்டாயம் இல்லையாமே? பிறகு எதற்குப் போட வேண்டும்?

கென்யா கேட்காது, உண்மைதான். ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது நம் நாடு கேட்கும்! நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். நோய் உள்ள நாடுகள் என்று இந்தியா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் கென்யா உண்டு. அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள், செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் இங்கே வந்து இறங்கினால், அந்த 6 நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றால் விடமாட்டார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கோபப்படுவார்கள். காரணம் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. கொசு இங்கே ஏராளம், வைரஸ் மட்டும்தான் இல்லை. அந்த வைரஸை ரத்தத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து இறங்கினால் போதும். 2016இல் அங்கோலாவில் நோய் பரவியபோது, அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பிய 11 பேரோடு இது சீனா வரைக்கும் வந்தது. நல்லவேளை, அங்கே மேலும் பரவவில்லை. எனக்கு இந்த விதி அதிகப்படியாகத் தெரியவில்லை.

தவிர, மசாய் மாரா பக்கம் போகிறவர்களுக்கு அட்டைக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகவே இந்த ஊசி வேண்டும். நோய் வந்துவிட்டால் வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது.

கோவையிலிருந்து: ஜோகன்னஸ்பர்க் போகிறேன். அடிஸ் அபாபாவில் விமானம் மாற வேண்டும். அட்டை வேண்டுமா சார்?

தென்னாப்பிரிக்காவில் இந்த நோய் இல்லை, எத்தியோப்பியா பட்டியலில் இருக்கிறது. எத்தியோப்பிய விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ, வெளியே போனாலோ தென்னாப்பிரிக்கா அட்டை கேட்கும். திரும்பும்போது, விமான நிலையத்தை விட்டு வெளியே போகவில்லை என்று இங்கே சுகாதார அதிகாரிக்குத் திருப்தி ஆனால் விட்டுவிடுவார். போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இணைப்பு விமானம் தாமதமாகி ஹோட்டலில் தங்க வைத்துவிட்டால் கதை மாறிவிடும். அதனால் என்னைக் கேட்டால் போட்டுக்கொண்டு போங்கள் என்பேன்.

தஞ்சாவூரிலிருந்து: அப்பாவுக்கு 67 வயது. தம்பியைப் பார்க்க உகாண்டா போக ஆசைப்படுகிறார். ஊசி போடலாமா?

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள் அம்மா. இது உயிருள்ள வைரஸை வீரியம் குறைத்துச் செய்யும் ஊசி. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மிக அரிதாக மூளையையோ, கல்லீரல், சிறுநீரகத்தையோ தாக்கும். அந்த ஆபத்து 60 வயதைத் தாண்டி முதல்முறையாகப் போடுகிறவர்களுக்குக் கூடுதல். புற்றுநோய்ச் சிகிச்சை, ஸ்டீராய்டு, தைமஸ் (நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சுரப்பி) கோளாறு, முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை (மருந்து கோழி முட்டையில் வளர்ப்பது) எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போடக் கூடாது என்று டாக்டர் முடிவு செய்தால் விலக்குக் கடிதம் தருவார். ஆனால் கடிதம் இருந்தாலும் திரும்பி வரும்போது 6 நாள் தனிமைப்படுத்த அதிகாரிக்கு உரிமை உண்டு. உகாண்டாவில் நோய் நிஜமாகவே இருக்கிறது. தம்பியால் இங்கே வந்துபோக முடியும் என்றால் அதுதான் நல்ல யோசனை.

சேலத்திலிருந்து: கணவர் நைஜீரியாவில். குழந்தைக்கு 7 மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். எப்போது போகலாம்?

முடிந்தவரை குழந்தைக்கு 9 மாதம் ஆகட்டும். 6 மாதத்துக்குள் போடவே கூடாது, 6 முதல் 9 வரை தவிர்க்க முடியாத நிலையில் மட்டும். உங்களுக்குப் போட்டாலும் தாய்ப்பால் வழியே வைரஸ் குழந்தைக்குப் போன சம்பவங்கள் உண்டு. 9 மாதத்தில் தட்டம்மை ஊசியும் வரும். அதுவும் உயிருள்ள மருந்து, இரண்டுக்கும் நடுவே 4 வாரம் விடுவது நல்லது. ஆகவே காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: அண்ணே, கப்பலில் வேலை. 2009இல் போட்டது, அட்டையில் 10 வருடம் என்று எழுதியிருக்கிறது. மறுபடி போடணுமா?

வேண்டாம் தம்பி. 2016 ஜூலை 11 முதல் உலக அளவில் விதி மாறிவிட்டது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், பழைய அட்டைகளும் அப்படியே. தேதியை நீங்களே அடித்துத் திருத்தாதீர்கள், திருத்தினால் அட்டையே செல்லாது. பாஸ்போர்ட் எண் மாறியிருந்தால் பழைய பாஸ்போர்ட்டையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து: போட்ட பிறகு காய்ச்சல் வருமா? இந்த ஊசி மலேரியாவுக்கும் சேர்த்துத்தானே?

போட்டதும் அரை மணி நேரம் மையத்திலேயே உட்கார வைப்பார்கள், ஓடிவிடாதீர்கள். சில நாளில் லேசான காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரலாம், பாராசிட்டமால் போதும். காய்ச்சல் கடுமையானாலோ, குழப்பமாகப் பேசினாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

மலேரியாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்குத் தனி மாத்திரை, கொசுவலை, பூச்சு மருந்து. மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வைத்துவிட்டு மலேரியா மாத்திரையை மறந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சில வாரம், ஏன் சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.