வேலூர் மலைகளில் இருக்கும் மஞ்சள்தொண்டைச் சின்னானும் வெண்புருவச் சின்னானும் ஒரே பறவையா? இரண்டுமே அழியும் நிலையில் உள்ளனவா?

இல்லை, வேறு வேறு பறவைகள். தூரத்திலிருந்து போனில் எடுத்த படத்தை வைத்துக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டுமே மங்கல் பச்சை, இரண்டுக்கும் வாலடி மஞ்சள். முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு இருந்தால் வெண்புருவம். கோடு இல்லாமல் தொண்டை பளீர் மஞ்சளாக இருந்தால் மற்றது.

வெண்புருவம் நம் வேலிப் புதரிலேயே சடசடவென்று கத்திக்கொண்டிருக்கும். இலங்கையிலும் உண்டு. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களைக் கணிக்கும் உலகளாவிய செம்பட்டியலில் அதற்குக் கவலையில்லை. மஞ்சள்தொண்டையோ உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான். அதிலும் கர்நாடகத்து நந்தி மலை, ஆந்திரத்து ஹார்ஸ்லி மலை மாதிரி பாறையும் புதரும் சேர்ந்த குன்றுகளில்தான் வாழும். அதே செம்பட்டியலில் அது 'அழிவாய்ப்புள்ள இனம்'.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். பாறைப் பிளவில் வேர் விட்ட இச்சி மரத்தில் பழம் கொத்திக்கொண்டிருந்தது. திரும்பியபோது வால் நுனியின் வெளிர் மஞ்சள்கூடத் தெரிந்தது. கூட வந்த மாமா, "இன்னாடா, மொட்டப் பாறைய பாத்துனு கீற?" என்றார். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. மரம் இல்லாத மலை என்றால் வெறும் கல், உடைத்து லாரியில் ஏற்றலாம். அந்தப் பாறைதான் இதற்கு வீடு. கிரானைட் குவாரி வந்தால் புதரும் இச்சியும் சேர்ந்தே போய்விடும். கீழே ஆயிரம் மரக்கன்று நட்டாலும் இந்தப் பறவைக்கு உதவாது.

"கல் இல்லாமல் வீடு எப்படிக் கட்டுவாய்?" என்று கேட்பவர்களுக்கு: குவாரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் குன்றில் என்ன வாழ்கிறது என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுங்கள் என்கிறேன். "முதலில் கணக்கெடுப்பு முடியட்டும், அதுவரை குவாரி நடக்கட்டும்" என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில்தான், முழு ஆதாரம் வரும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தீர்ப்பு வந்து இத்தனை வருடமாகியும் எங்கள் சித்தப்பா கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிப்பதில்லை. கேட்க ஆளில்லை.

பார்க்கப் போனால் விடியற்காலையில் போங்கள். பறவைக் குரலின் ஒலிப்பதிவு போட்டு அதை அழைக்காதீர்கள். பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவிடுங்கள். கூடு கண்ணில் பட்டால் மட்டும் அந்த இடத்தை எங்கும் எழுத வேண்டாம்.