தமிழ் சிறப்புப் பட்டமும் நூலகமும் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு எதற்கு?

கேட்டவர் ஹட்டன் பக்கம் என்று போட்டிருக்கிறார். உயர்தரத்தில் கலைப்பிரிவு, தமிழில் நல்ல பெறுபேறு. "எப்படியும் தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கப் போகிறேன், அதற்கு 4 வருஷம் இலக்கியம் படித்து நூலகத்தில் கிடந்து ஆய்வு எழுத வேண்டுமா?" என்பது கேள்வி. வீட்டில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ "தமிழ் படிச்சு என்ன கிழிக்கப் போற" என்று சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள்.

முதலில் வேலைக் கணக்கு. கல்வியியல் கல்லூரி என்றால் 3 வருஷம். 2 வருஷம் விடுதியில் தங்கிப் படிப்பு, 1 வருஷம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி, அப்புறம் நியமனம். நமக்குப் பக்கத்திலேயே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழகம் என்றால் சிறப்புப் பட்டத்துக்கு 4 வருஷம், முடித்தபின் ஆட்சேர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும், கல்வி டிப்ளோமாவும் பிறகு செய்ய வேண்டும். வீட்டில் உடனே சம்பளம் வந்தாக வேண்டுமென்றால் கல்லூரிக்கே போங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. என்னோடு படிப்பிப்பவர்களில் வகுப்பறையில் கெட்டிக்காரர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

ஆனால் நூலகம் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உயர்தரம் முடித்துக் கெம்பஸுக்குக் காத்திருந்த காலத்தில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். 7ஆம் வகுப்புக்குத் தமிழ். 'எனது வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன், "அம்மா பிரட்டுக்குப் போனதும் அம்மாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதியிருந்தான். எனக்குக் கையில் சிவப்புப் பேனா கிடைத்த புதுசு. 'இஸ்தோப்பு' என்பதைச் சுழித்து, மேலே 'விறாந்தை' என்று எழுதினேன். காலையில் பேர் போட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற 'பிரட்டு'க்கும் ஒரு சுழி. அவன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, "விறாந்தை துரை பங்களாவுலதானே டீச்சர் இருக்கு, எங்க லயத்துல இருக்கறது இஸ்தோப்புதானே?" என்று கேட்டான். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடு. "கட்டுரையில அப்படி எழுதக் கூடாது, போய் உட்காரு" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கட்டுரைக்கு மலையகப் புனைகதையை எடுத்தேன். நூலகத்தில் புத்தகங்களைத் துறைவாரியாக எண் போட்டு அடுக்குகிற டூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணில் இருக்கும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். அந்தத் தட்டைக் கரைத்துக் குடித்தால் போதும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. சி.வி. வேலுப்பிள்ளையையே எடுங்கள். மடகும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். அவருடைய தமிழ் நாவலுக்கு ஓர் எண், ஆங்கிலக் கவிதைக்கு இன்னோர் எண், அவர் தொகுத்த நாட்டார் பாடல்களுக்கு 398. தோட்டத் தொழிலாளர் பற்றிய நூல்களுக்கு 331 பக்கம் போக வேண்டும். பட்டியலில் தேடினால் ஆங்கில எழுத்தில் ஒரு 'எல்' போட்டு ஒரு வேலுப்பிள்ளை, இரண்டு 'எல்' போட்டு இன்னொருவர். முதல் மாதம் "புத்தகம் இல்லை" என்று நான் திரும்பி வந்ததில் பாதி, வேறு தட்டில் சும்மா இருந்தவை.

அப்படி அலைந்தபோதுதான் மட்டை கிழிந்த ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பில் அந்தச் சொல் கண்ணில் பட்டது. இஸ்தோப்பு. பாத்திரம் பேசுகிற இடத்தில் இல்லை, எழுதியவர் தானே சொல்கிற வரியில். அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போகாமல் அகராதிகளை இழுத்துப் போட்டேன். ஒல்லாந்தரின் 'ஸ்தூப்' சிங்களத்தில் 'இஸ்தோப்புவ' ஆகியிருக்கிறது, லயத்தில் அது இஸ்தோப்பு. சரி, நான் திருத்திக் கொடுத்த விறாந்தை? அது போர்த்துக்கேயரோடு வந்தது. ஆக, ஒல்லாந்தர் சொல்லைப் பிழை என்று வெட்டிவிட்டு, போர்த்துக்கேயர் சொல்லைத் தமிழ் என்று எழுதியிருக்கிறேன். அதுவும் 12 வயசுப் பையன் இரண்டும் வேறு வேறு இடம் என்று தெளிவாகச் சொன்ன பிறகு!

இதை வாசித்துவிட்டு "இலக்கணம் வேண்டாமென்கிறாளா" என்று யாரும் வரிந்துகட்ட வேண்டாம். சாதாரணதரப் பரீட்சைக்கு எழுதுகிற பிள்ளைக்கு நானும் பொதுத் தமிழைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழைக் குறை சொல்வதாகவும் எடுக்காதீர்கள், எனக்குப் படிப்பித்தவர்களில் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள். நான் சொல்வது சுழி போடுவதற்கு முன்னால் தேடிப் பார்க்கிற பழக்கத்தை. இப்போது கொழுந்து, கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), அரைப்பேர் (எடை குறைந்தால் அரைநாள் கூலி மட்டும் போடுவது) என்று பிள்ளை எழுதினால் பக்கத்தில் பென்சிலால் பொதுச் சொல்லைக் குறிக்கிறேன், பிள்ளையின் சொல்லைத் தொடுவதில்லை. அரைப்பேருக்குப் பொதுச் சொல் என்ன என்று இன்றுவரை எனக்கு அகப்படவும் இல்லை. அரைநாள் சம்பளம் என்றால் அந்த வயிற்றெரிச்சல் வருமா?

கெம்பஸ் போகாமலே இதைப் பழகலாமா என்றால் ஓரளவுக்கு முடியும். இப்போது 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் பழைய மலையக நூல்களும் சஞ்சிகைகளும் போனிலேயே வாசிக்கக் கிடைக்கின்றன. எங்கள் காலத்தில் ஒரு புத்தகத்துக்காக ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

அப்புறம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய இலட்சியத்தோடு பல்கலைக்கழகம் போனவள் இல்லை. முதலில் கல்வியியல் கல்லூரிக்குத்தான் விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீசில் மேசைக்கடியில் கிடந்து, திகதி போய் 9 நாளைக்குப் பிறகு கொழுந்து நிறுக்கிற இடத்தில் வைத்து அம்மா கையில் கொடுத்தார்கள். கேட்டதற்கு "லயத்துக்கு நம்பர் இல்லையே" என்றார்கள். லயத்துக்கு நம்பர் போடாதது நாங்களா? அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் எதற்கு விண்ணப்பித்தாலும் தோட்டத்து விலாசத்தை மட்டும் போடாதீர்கள். டவுனில் தெரிந்த கடைக்காரர் யாராவது இருப்பார், அவரிடம் கேட்டு அந்த விலாசத்தைப் போடுங்கள்.