நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் ஒரே தொகுதியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குமரி மாவட்டத் தேர்தல் வரலாறு பற்றி எழுதும்போது, நாகர்கோவில் மக்களவைத் தொகுதி 2008இல் நீக்கப்பட்டது என்கிறீர்கள். கன்னியாகுமரி என்று பெயர்தானே மாறியது? எங்கள் கல்லூரி ஆண்டுமலருக்காக முதல் உறுப்பினர் நேசமணியில் தொடங்கி இன்றுவரை ஒரே பட்டியலாகத் தயாரித்து வைத்திருக்கிறேன். 2004இல் மார்க்சிஸ்ட், 2009இல் திமுக என்று முடிவு மாறியதை வாக்காளர்களின் மனமாற்றம் என்றும் எழுதியிருக்கிறேன். இதைத் திருத்த வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திருத்தத்தான் வேண்டும். 1952 முதல் 2004 வரை ஒரு பட்டியல், 2009 முதல் இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். இரண்டின் எல்லையும் ஒன்றல்ல.

பழைய நாகர்கோவில் தொகுதியில் அதன் கடைசிக் காலத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன: நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர். மாவட்டத்தின் ஏழாவது தொகுதியான கன்னியாகுமரி இதில் கிடையாது. நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம், ஸ்ரீவைகுண்டம் ஆகியவற்றோடு சேர்ந்து அது திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் கிடந்தது. 2000 ஜனவரி 1 அன்று குமரிக் கடலில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டபோது அந்தக் கரைக்கு மக்களவை உறுப்பினர் நாகர்கோவிலின் பொன். இராதாகிருஷ்ணன் அல்லர், திருச்செந்தூரின் ஏ.டி.கே. ஜெயசீலன். பலர் இதை மாற்றி எழுதுகிறார்கள்.

2008இல் தொகுதி மறுசீரமைப்பில் என்ன நடந்தது என்பது எளிய வகுத்தல் கணக்கு. தமிழகத்தின் 234 சட்டமன்ற இடங்களையும் 39 மக்களவை இடங்களையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 2001 கணக்கெடுப்பை வைத்து மாநிலத்துக்குள் எல்லைகளை மாற்ற மட்டுமே அரசியலமைப்பின் 84, 87ஆம் திருத்தங்கள் இடம் தந்தன. மாநில மக்கள்தொகை 6.24 கோடி. அதை 234ஆல் வகுத்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சுமார் 2.67 லட்சம் வரும். குமரி மாவட்டத்தில் அப்போது 16.76 லட்சம் பேர். அதாவது 6.28 தொகுதி. முன்பு ஏழு இருந்த இடத்தில் ஆறுதான் நிற்கும். ஆகவே திருவட்டாறு பறிபோனது. தமிழகத்தில் ஒரு மக்களவைத் தொகுதிக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்தான். மாவட்டமும் தொகுதியும் அச்சாகப் பொருந்திவிட்டன. திருச்செந்தூரிலிருந்த கன்னியாகுமரி வீடு திரும்பியது. என் கணிப்பில் இதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான மாற்றம், பெயர் அதன் பின்விளைவு மட்டுமே.

அதனால் உங்கள் 2004, 2009 ஒப்பீடு நிற்காது. ஆரல்வாய்மொழி, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வாக்காளர்கள் 2004இல் நாகர்கோவில் வேட்பாளர்களுக்கு வாக்களிக்கவே இல்லை. சரி, திருச்செந்தூர் கணக்கிலிருந்து கன்னியாகுமரிப் பகுதி வாக்குகளை மட்டும் எடுத்துக் கூட்டிக்கொள்ளலாமா? அங்கே மோதியவை திமுகவும் அதிமுகவும். நாகர்கோவிலில் மோதியவை மார்க்சிஸ்டும் பாஜகவும். கட்சி வாரியாகக் கூட்ட முடியாது, கூட்டணி வாரியாகத்தான் முடியும். 2004இல் மார்க்சிஸ்ட் திமுக அணியில், பாஜக அதிமுக அணியில். 2009இல் மார்க்சிஸ்ட் அதிமுக பக்கம் போனது, பாஜக இந்த இரண்டு அணிகளிலும் இல்லை. கூட்டணிக் கணக்கும் அங்கே உடைந்துவிடும். மனமாற்றம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து அதைச் சொல்ல முடியாது.

விடாப்பிடியாகச் செய்தே தீருவதென்றால் வாக்குச்சாவடி அளவுக்கு இறங்க வேண்டும். தேர்தல் அலுவலர் தயாரிக்கும் படிவம் 20இல் சாவடி வாரியான வாக்குகள் இருக்கும். சாவடி எண்ணை நம்பாதீர்கள். மறுசீரமைப்புக்குப் பின் எண்கள் புதிதாகப் போடப்பட்டன. பள்ளியின் பெயர், ஊர்ப்பெயர், தெருக்கள் இவற்றை வைத்தே பொருத்துங்கள். பெயர் மாறாத தொகுதிகளிலும் எச்சரிக்கை தேவை: திருவட்டாறு பேரூர் இப்போது பத்மநாபபுரத்தில் இருக்கிறது. 2006இன் பத்மநாபபுரமும் 2011இன் பத்மநாபபுரமும் வேறு வேறு. ஆறு சட்டமன்றப் பிரிவுகளின் கூட்டல் இறுதி முடிவோடு சற்றே இடித்தால் பதறாதீர்கள். தபால் வாக்குகள் மக்களவைத் தொகுதிக்கு மொத்தமாக எண்ணப்படுவதால் பிரிவுக் கணக்கில் வராது.

பட்டியலின் தொடக்கத்திலும் ஒரு குறிப்பு வேண்டும். 1952இல் நேசமணி வென்ற நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. அவர் நின்றது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில், அதாவது தாய்த்தமிழகத்தோடு இணையவேண்டும் என்ற கட்சியின் சார்பில். 1956 நவம்பர் 1 இணைப்புக்குப் பின் 1957இல் தாணுலிங்க நாடார், 1962, 1967இல் மீண்டும் நேசமணி. மூன்றும் காங்கிரஸ் வெற்றிகள். நேசமணிக்கு எதிரே இரண்டு வெவ்வேறு கட்சிப் பெயர்கள் வர வேண்டும்.

காமராஜருக்கும் அப்படியே. நேசமணி 1968இல் மறைந்ததால் 1969 ஜனவரியில் வந்த இடைத்தேர்தலில் காமராஜர் 1,28,201 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். விருதுநகரில் தோற்று இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அப்போது காங்கிரஸ் உடைந்திருக்கவில்லை; பிளவு அந்த ஆண்டின் இறுதியில்தான். 1971இல் அவர் வென்றது பிளவில் அவர் நின்ற பக்கமான பழைய காங்கிரஸ் (ஸ்தாபன காங்கிரஸ்) சார்பில். தமிழகத்தில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் அது.

பிறகு 1977இல் குமரி அனந்தன். 1980 முதல் 1998 வரை ஆறு முறை டென்னிஸ். முதல் நான்கு காங்கிரஸ், கடைசி இரண்டு தமிழ் மாநில காங்கிரஸ். 1999 பொன். இராதாகிருஷ்ணன், 2004 பெல்லார்மின். இதோடு முதல் பட்டியலை மூடுங்கள். இரண்டாவது 2009இல் ஹெலன் டேவிட்சனிடம் தொடங்கும். பொன். இராதாகிருஷ்ணன் இரண்டிலும் வருவார், 1999இல் நாகர்கோவிலுக்கும் 2014இல் கன்னியாகுமரிக்கும்.