வாசகர் கேள்வி–பதில்: எல்விஸ் பாடியவை எத்தனை?

கேள்வி: என் தந்தை சேர்த்து வைத்த அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் வைத்துக்கொண்டு, அவர் பாடிய அத்தனை பாடல்களுக்கும் ஒரு பட்டியல் தயாரிக்க முனைந்திருக்கிறேன். ஒரே பாடல் பல தட்டுகளில் வருகிறது. கேட்டால் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. மொத்தம் எத்தனை பாடல்கள் என்பதிலும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், திருச்சி)

பதில்: எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாததால்தான் ஆளுக்கொரு கணக்கு வருகிறது. பாட்டு என்பது ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்தது இன்னொன்று, அந்தப் பதிவு வெளியான தட்டு வேறொன்று. தட்டிலிருந்து தொடங்கினால் பட்டியல் வீங்கிக்கொண்டே போகும். ஏனென்றால் அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட ஆர்சிஏ நிறுவனம் அவருடைய பழைய பதிவுகளைப் புதுப்புதுத் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வெளியிட்டது. பாட்டின் பெயரிலிருந்து தொடங்கினாலோ, வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு மனநிலையில் பாடியவை ஒரே வரிக்குள் அடங்கிக் காணாமல் போய்விடும். ஆகவே எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனையாவது டேக் (பதிவின்போது ஒரு பாட்டைப் பாடிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டேக்) என்பதையே ஒவ்வொரு வரிக்கும் அடிப்படையாக வையுங்கள். தட்டின் பெயரும் எண்ணும் அந்த வரியின் கடைசிக் கட்டங்களில் வந்தால் போதும்.

இதன் அவசியத்தை 'ஆர் யூ லோன்சம் டுநைட்' பாடலை வைத்தே பார்க்கலாம். 1960 ஏப்ரலில் நாஷ்வில் நகரில், விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு இருட்டில் அவர் பாடிய பதிவுதான் உலகம் அறிந்தது. 1969 ஆகஸ்ட் 26 அன்று லாஸ் வேகஸ் மேடையில் அதே பாடலின் நடுவே சிரிப்பை அடக்க முடியாமல் அவர் திணற, பின்னணிப் பாடகியின் குரல் மட்டும் சற்றும் குலையாமல் ஒலிக்கும் பதிவு மற்றொன்று. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் அந்தப் பட்டியலால் கேட்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. இன்னும் நுட்பமான உதாரணம் 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்'. 1968 மார்ச்சில் ஒரு திரைப்படத்துக்காக அதைப் பாடியவர், அதே ஆண்டு ஜூனில் தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சிக்காக மறுபடியும் பாடினார். ஆனால் அந்தப் பதிவு நிகழ்ச்சியில் இடம்பெறவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஜேஎக்ஸ்எல் 2002இல் புதிய தாளக்கட்டு சேர்த்து வெளியிட்டு, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது இந்த ஜூன் பதிவுதான். தேதி எழுதாத பட்டியல் அந்தப் புகழைத் திரைப்படப் பதிவின் கணக்கில் எழுதிவிடும்.

மொத்த எண்ணிக்கைக்கு வருகிறேன். அவர் வாழ்நாளில் வெளியான, நிறுவனம் இறுதியானது என்று தேர்ந்தெடுத்த மாஸ்டர் பதிவுகளை மட்டும் எண்ணினால் 711. 2010இல் 30 குறுந்தகடுகளாக வந்த முழுத்தொகுப்பு அந்தக் கணக்கையே பின்பற்றி, கூடுதலாக 103 அரிய பதிவுகளையும் சேர்த்தது. தேர்வாகாத டேக்குகளையும் மேடைப் பதிவுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். எனவே உங்கள் பட்டியலின் முதல் பக்கத்திலேயே, எதை எண்ணினீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: தட்டின் லேபிளில் அச்சிட்டிருக்கும் எண்ணும் பாடலாசிரியர் பெயரும் போதாதா? (வாசகர், கோவை)

பதில்: போதாது. லேபிளில் பெரிதாகத் தெரியும் எண் தட்டுக்கு உரியதே தவிர, பதிவுக்கு உரியதல்ல. 1956 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் 'ஹவுண்ட் டாக்', 'டோன்ட் பி க்ரூயல்' இரண்டும் பதிவாயின. 'ஹவுண்ட் டாக்' பாடலை மனநிறைவு ஏற்படும்வரை 31 முறை பாடினார் என்பார்கள். இரண்டு பாடல்களும் சேர்ந்து வெளியான தட்டு நிமிடத்துக்கு 45 சுழற்சியில் 47-6604 என்றும், 78 சுழற்சியில் 20-6604 என்றும் எண் பெற்றது. தட்டுகள் இரண்டானாலும் உள்ளே இருக்கும் பதிவு ஒன்றே. அதைக் காட்டுவது, பதிவுக்கென்றே நிறுவனம் கொடுக்கும் மேட்ரிக்ஸ் எண். 'ஹவுண்ட் டாக்' பதிவுக்கு அது ஜி2டபிள்யூபி-5935; அடுத்த பாடலுக்கு 5936. முதலில் நிற்கும் 'ஜி' 1956ஆம் ஆண்டையும், 'எச்' 1957ஆம் ஆண்டையும் குறிக்கும். வரித்தடம் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னுள்ள வழுவழுப்பான பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் எண்களையும் எழுத்துகளையும் ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பாடலாசிரியர் விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 'டோன்ட் பி க்ரூயல்' பாடலை இயற்றியவர் ஓடிஸ் பிளாக்வெல். பதிப்புரிமை ஏற்பாட்டின்படி எல்விஸின் பெயரும் உடன் சேர்க்கப்பட்டது. லேபிளில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். ஆனால் பக்கத்திலேயே உண்மையையும் குறியுங்கள். உழைத்தவருக்கு உரிய இடத்தைப் பட்டியலாவது தரட்டும்.

கேள்வி: எல்விஸ் மறைந்த பிறகும் 'புதிய' பாடல்கள் வந்துகொண்டே இருக்கின்றனவே, அவற்றை நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: பலவற்றை நம்பலாம். 1953இல் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸின் ஒலிப்பதிவுக்கூடத்துக்குச் சென்று, ஏறத்தாழ 4 டாலர் கட்டணம் செலுத்தி, 18 வயது எல்விஸ் தனக்காகப் பதிவு செய்துகொண்ட 'மை ஹாப்பினஸ்' பாடல் 1990இல்தான் வெளியுலகுக்கு வந்தது. பதிவு நாள்படி அடுக்கும் பட்டியலில் அது முதல் வரிசையில் நிற்கும். வெளியீட்டு நாளைப் பின்பற்றினால், கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்படும். ஆர்சிஏ ஒலிநாடாக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து இந்த வரலாற்றை ஒழுங்குபடுத்தியதில் டென்மார்க்கைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் யோர்கன்சனுக்குப் பெரும் பங்கு உண்டு.

பழைய குரலின் மேல் புதிய வாத்தியங்களைப் பிற்காலத்தில் சேர்த்து வெளியிட்டவற்றைத் தனிப் பதிவாக எண்ணக் கூடாது. மூலப் பதிவின் கீழ், சேர்த்த ஆண்டைக் குறித்து, கிளையாகக் காட்டுங்கள். எல்விஸ் உயிரோடு இருந்தபோதே இப்படி நடந்தது: 'சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்' 1969 ஜனவரியில் மெம்பிஸில் பதிவாகி, ஊதுகருவிகளின் இசை பிறகு ஆகஸ்டில் லாஸ் வேகஸில் சேர்க்கப்பட்டது.

போலிகளும் உண்டு. 1978இல் ஜெர்ரி லீ லூயிஸ் என்ற பாடகரின் பழைய பதிவுகளோடு ஒரு குரலைச் சேர்த்து, பாடியவர் பெயரைச் சொல்லாமல் வெளியிட்டார்கள். கேட்ட பலரும் அது எல்விஸ்தான் என்று சத்தியம் செய்தார்கள். உண்மையில் பாடியவர் ஜிம்மி எல்லிஸ் என்ற வேறொரு பாடகர். குரல் ஒற்றுமை மட்டும் ஆதாரமாகாது. பதிவு நடந்த நாள், இடம், வாசித்தவர்கள், நாடாப் பெட்டியில் எழுதிய குறிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது துணை நிற்க வேண்டும். எதுவும் கிடைக்காத பதிவைத் தூக்கி எறியவும் வேண்டாம், எல்விஸ் பெயரில் சேர்க்கவும் வேண்டாம். 'உறுதி செய்யப்படாதவை' என்ற தலைப்பில், எந்த கேசட்டிலிருந்து எப்போது கேட்டீர்கள் என்ற குறிப்புடன் தனியே எழுதி வையுங்கள்.