தலையணை உறை நிறைய மிட்டாய்

கேள்வி: நியூஜெர்சியில் எடிசனில் வசிக்கிறோம். குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் இரவில் ஏழு வயது மகளும் மூன்று வயது மகனும் ஒரு தலையணை உறை நிறைய மிட்டாய் வாங்கி வந்தார்கள். அலமாரி உச்சியில் ஒளித்து வைத்தேன். நேற்று மகளின் படுக்கைக்கு அடியில் பதினொரு காலிக் காகிதங்கள்! எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடட்டுமா?

குழந்தைகள் பல் மருத்துவர் பதில்: வேண்டாம் அம்மா. மகளைத் திட்டவும் வேண்டாம். வீடு வீடாகக் கதவைத் தட்டி அவள் சேர்த்தது அது. நீங்கள் ஒளித்தீர்கள், அவளும் ஒளிந்து தின்றாள். என் கவலை, அவள் தின்ற நேரத்தைப் பற்றியது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். பல் துலக்கிய பிறகு படுக்கையில் தின்றது விடியும்வரை பல்லிலேயே கிடக்கும்.

எத்தனை மிட்டாய் என்பதைவிட எத்தனை முறை என்று எண்ணுங்கள். சர்க்கரை பட்டதும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. ஏறத்தாழ அரை மணி நேரம் அந்த அமிலம் எனாமலை, அதாவது பல்லின் கெட்டியான மேற்பூச்சை, அரிக்கும்; பிறகு உமிழ்நீர் மெல்ல ஈடுகட்டும். மூன்று மிட்டாயைச் சேர்த்துத் தின்றால் ஒரு முறைதான் அரிப்பு. மணிக்கொன்றாகத் தின்றால் மூன்று முறை. ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு டப்பாவை மேசைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டை அவளே தேர்ந்தெடுக்கட்டும். பிறகு தண்ணீர், பல் துலக்கல், படுக்கை.

அளவும் முக்கியம்தான். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயநலச் சங்கம். சின்ன ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் மூன்று தின்றாலே அதைத் தொட்டுவிடும். தீபாவளியும் ஹாலோவீனை ஒட்டியே வருகிறது. 2024இல் இரண்டும் ஒரே நாள். அதிரசம் தின்ற நாளில் மிட்டாய்க்கு விடுமுறை விடுங்கள்.

மிட்டாய்களை அவளோடு உட்கார்ந்து பிரியுங்கள். சாக்லேட் வாயில் கரைந்து போய்விடும், அதை வைத்துக்கொள்ளலாம். கேரமலும் ஜெல்லி மிட்டாயும்தான் வில்லன்கள். ஆறு, ஏழு வயதில் முளைக்கும் புதிய கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். கேரமல் அதற்குள் போய் ஒட்டிக்கொண்டால் பிரஷ்ஷின் நுனிகூட எட்டாது. இதே பல்லில் சொத்தையோடு குழந்தைகள் வரும்போது எனக்கு மனம் வலிக்கிறது. வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல் அது. புளிப்பு மிட்டாயில் அமிலமே சேர்ந்திருக்கிறது. அதைத் தின்றவுடன் துலக்கினால் இளகிய எனாமல் தேயும். வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் துலக்கட்டும்.

மகனின் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு வயதுக்குள் உருண்டையான கெட்டி மிட்டாய், முழுக் கடலை உள்ளவை, மென்று தின்னும் கேரமல் எதுவும் கூடாது, மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

மிஞ்சியதற்கு வழி உண்டு. நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல் மருத்துவமனைகள் சில, குழந்தைகளிடமிருந்து மிட்டாயை எடை போட்டு விலைக்கு வாங்கி ராணுவ வீரர்களுக்கு அனுப்புகின்றன. உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பது மகளின் முடிவாக இருக்கட்டும். மீதிச் சாக்லேட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். சில வாரம் கழித்து மேலே வெள்ளை பூத்திருந்தால் பயந்து எறிந்துவிடாதீர்கள். அது பூஞ்சணம் இல்லை. கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்து படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.